வெடிக்காத நட்சத்திரத்தில் அதிர்ச்சி அலை எங்கிருந்து வருகிறது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர் கேட்ட கேள்வி இது: "துடிக்கும் நட்சத்திரங்களின் வளிமண்டலத்தில் அதிர்ச்சி அலைகள் ஓடுகின்றன என்று படித்தேன். குண்டு வெடித்தால் அதிர்ச்சி அலை வரும், ஒலியை முந்தும் விமானத்துக்கும் வரும். இந்த நட்சத்திரங்கள் வெடிக்கவில்லையே, ஒரே சீராக விரிந்து சுருங்கத்தானே செய்கின்றன? அதுவும் மேலே போகப் போக வாயு இல்லாத மாதிரியே மெலிந்துவிடும் என்கிறார்கள். அங்கே எப்படி?"

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. வாயு மெலிந்துபோகிறது, அதனால்தான் அதிர்ச்சி அலை பிறக்கிறது. கீழே வெடிப்பு எதுவும் தேவையில்லை. கீழே சாதாரணமாகக் கிளம்பும் ஒரு அலை, மேலே மெலிந்த வாயுவுக்குள் போகும்போது தானாகவே அதிர்ச்சி அலையாக மாறிவிடும். நான் முப்பது வருஷம் பாளையங்கோட்டையில் இயற்பியல் நடத்தியவன். அதிர்ச்சி அலை என்றதும் எல்லாப் பிள்ளைகளும் வெடிகுண்டைத்தான் நினைப்பார்கள். அந்தப் படத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சாட்டையை வையுங்கள்.

கோயில் கொடை சமயத்தில் நம் பக்கம் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். எதன் மேலும் படாமல், வெறும் காற்றில் சொடுக்கினாலே 'சொடேர்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தமே ஒரு அதிர்ச்சி அலைதான். சொடுக்குகிறவர் கை வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில்தான் அசைகிறது. ஆனால் சாட்டை கைப்பிடிப் பக்கம் தடியாகவும் நுனிப் பக்கம் மெலிந்தும் இருக்கிறது. கை கொடுத்த ஆற்றல் வார் வழியாக ஓடும்போது, அதைச் சுமக்க வேண்டிய எடை குறைந்துகொண்டே போகிறது. ஆற்றல் அதே அளவு, எடை மட்டும் குறைவு என்றால் வேகம் கூடித்தானே ஆக வேண்டும்? நுனிக்கு வரும்போது அது வினாடிக்கு 340 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. கையில் வெடிமருந்து எதுவும் இல்லை. சாட்டையின் மெலிவுதான் அந்தச் சத்தத்தை உண்டாக்கியது.

நட்சத்திரத்தின் வளிமண்டலமும் இப்படி நுனி மெலிந்த சாட்டைதான். அடியில் அடர்த்தி, மேலே போகப் போக மடங்கு மடங்காகக் குறைவு. கீழிருந்து கிளம்பும் அலை சுமக்கும் ஆற்றல், அடர்த்தியையும் வாயு அசையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது. வழியில் ஆற்றல் பெரிதாக வீணாகாது என்று வைத்துக்கொண்டால், அடர்த்தி நூறில் ஒரு பங்காகும்போது வேகம் பத்து மடங்காகும். பத்தாயிரத்தில் ஒரு பங்கானால் நூறு மடங்கு. அடியில் ஒலிவேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஆடிய வாயு, மேலே ஒலிவேகத்தையே எட்டிவிடும். இங்கே ஒலிவேகம் என்பது நம் காற்றில் உள்ள 340 மீட்டர் இல்லை. ஆறாயிரம் டிகிரியில் உள்ள ஹைட்ரஜன் வாயுவில் அது வினாடிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் வரும். மீரா போன்ற குளிர்ந்த சிவப்பு ராட்சதனில் ஐந்து கிலோமீட்டர் போல.

வேகம் கூடுவது சரி, அது ஏன் ஒரு சுவர் மாதிரி செங்குத்தாகிறது? அதற்கு உவரிக் கடற்கரைக்குப் போக வேண்டும். நடுக்கடலில் மெத்தென்று புரளும் அலை, கரை நெருங்கும்போது முகம் நிமிர்ந்து, கடைசியில் கவிழ்ந்து உடைகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் முகட்டுக்குக் கீழே தண்ணீர் அதிகம், பள்ளத்துக்குக் கீழே குறைவு. அதனால் முகடு வேகமாக ஓடி, முன்னால் போகும் பள்ளத்தைப் பிடித்துவிடுகிறது. வாயுவிலும் இதே கதைதான். அலையில் அமுங்கிய பகுதி சூடாக இருக்கும், சூடான வாயுவில் ஒலி வேகமாகப் போகும். போதாததற்கு அந்த வாயுவே முன்னோக்கி நகர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆகவே பின்னால் வரும் அமுக்கம் முன்னால் போவதை எட்டிப் பிடிக்கிறது. கடலலை கவிழலாம், வாயுவால் கவிழ முடியாது. ஒரே இடத்தில் ஒரு வேகத்துக்குத்தான் இடம். எனவே அது சுவராக நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் அமைதியான குளிர்ந்த வாயு, அந்தப் பக்கம் அமுங்கிக் கொதிக்கும் வாயு. இடையில் உள்ள சுவரின் தடிமன், ஒரு அணு இன்னொன்றோடு சில தடவை மோதிக்கொள்ளப் போதுமான தூரம் மட்டும். அதைத்தான் அதிர்ச்சி அலை என்கிறோம்.

நம் சூரியனிலும் இது சின்ன அளவில் நடக்கிறது. அதன் மேற்பரப்பு சுமார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லேசாக எழும்பித் தாழ்கிறது. அங்கிருந்து மேலேறும் அலைகள், மேற்பரப்புக்கு மேலே உள்ள மெலிந்த வாயு அடுக்கான நிறமண்டலத்தில் அதிர்ச்சி அலைகளாகின்றன. கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு ஆண்டுக்கு மேலாகக் கால்சியம் ஒளியில் படம்பிடித்து வைத்திருப்பது அந்த நிறமண்டலத்தைத்தான்.

துடிக்கும் நட்சத்திரத்தில் மொத்த நட்சத்திரமும் சேர்ந்து அந்த அலையை அனுப்புகிறது. ஏன் துடிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனிக் கேள்வி. சோற்றுப் பானையின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி சேர்ந்து மூடியைத் தூக்கும், ஆவி வெளியேறியதும் மூடி விழும், மறுபடி சேரும். நட்சத்திரத்துக்குள் இப்படி ஒரு அடைப்பான் இருக்க வேண்டும் என்று சொன்னவர் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன். ஹீலியம் தன் இரண்டாவது எலக்ட்ரானை இழக்கும் அடுக்குதான் அந்த அடைப்பான் என்று 1950களில் ரஷ்ய அறிவியலாளர் ஷெவாக்கின் காட்டினார். செஃபீட், ஆர்ஆர் லைரே என்ற இரண்டு வகைத் துடிக்கும் நட்சத்திரங்களுக்கும் இது பொருந்தும். மீரா வகையில் ஹைட்ரஜன் அடுக்கும், உள்ளே கொதித்துப் புரளும் சலனமும் சேர்ந்து வேலை செய்கின்றன. எந்த வகையானாலும் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அடியில் ஒரு பிஸ்டன் தவறாமல் ஏறி இறங்குகிறது.

அந்தப் பிஸ்டன் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதை மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். போன தடவை மேலே தூக்கி எறியப்பட்ட வாயு, ஈர்ப்பினால் திரும்பி விழுந்துகொண்டிருக்கும். அது விழுந்து முடிவதற்குள் அடுத்த அலை கீழிருந்து கிளம்பி வந்துவிடுகிறது. மேலே வருவது வினாடிக்கு 20 கிலோமீட்டர், கீழே விழுவது 20 கிலோமீட்டர் என்றால் மோதல் 40 கிலோமீட்டரில். எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகளுக்குப் போடும் கணக்குத்தான். சாட்டையின் மெலிவு பாதிக் காரணம், இந்த எதிர்மோதல் மீதிக் காரணம்.

சரி, இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பல ஒளியாண்டு தொலைவில் ஒரு புள்ளி. எந்தத் தொலைநோக்கியிலும் அந்தச் சுவரை நேராகப் பார்க்க முடியாது. ஆனால் நிறமாலை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தால் வானவில் நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். வளிமண்டலத்தில் உள்ள அணுக்கள் அந்தந்த நிறத்தை விழுங்குவதால் வரும் உட்கவர் வரிகள் அவை. வாயு நம்மை நோக்கி வந்தால் வரி நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும். துடிக்கும் நட்சத்திரம் என்றால் வரி இப்படியும் அப்படியும் ஆட வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. ஆனால் கன்னி ராசியில் உள்ள டபிள்யூ வர்ஜினிஸ் என்ற நட்சத்திரத்தில், அது பிரகாசம் கூடும் நாட்களில், ஒரே வரி இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அதன் சுற்றுக்காலம் 17 நாளும் கொஞ்சமும். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் இருந்து சான்ஃபோர்டு என்ற வானியலாளர் அதைக் கவனமாக அளந்தார். ஒரு வரி நீலப் பக்கம், அதே தனிமத்தின் இன்னொரு வரி சிவப்புப் பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில். ஒரே நட்சத்திரத்தின் வாயு ஒரே சமயத்தில் நம்மை நோக்கியும் வருகிறது, விலகியும் போகிறது என்றால் என்ன அர்த்தம்?

1952இல் வானியலாளர் மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்ட் விளக்கம் சொன்னார். வளிமண்டலத்தின் நடுவே ஒரு அதிர்ச்சி அலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் வாயு அலையால் தள்ளப்பட்டு மேலே, அதாவது நம்மை நோக்கி வருகிறது. மேலே இருக்கும் வாயுவுக்கு அலை இன்னும் எட்டவில்லை, அது பழையபடி நட்சத்திரத்தை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. அலை ஏற ஏற, கீழ்ப் பகுதி பெரிதாகி நீல வரி அழுத்தமாகும். மேல்ப் பகுதி சுருங்கி சிவப்பு வரி மங்கும். கடைசியில் சிவப்பு வரி மறைந்துவிட்டால் அலை முழு வளிமண்டலத்தையும் கடந்துவிட்டது என்று பொருள். வரிகளின் அழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதைப் பார்த்து அலை எந்த உயரத்தில் இருக்கிறது என்றே சொல்லிவிடலாம். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது பாபநாசத்தில் இத்தனை மணிக்கு, சேரன்மகாதேவியில் இத்தனை மணிக்கு, கொக்கிரகுளத்தில் இத்தனை மணிக்கு என்று குறித்து வெள்ளத்தின் வேகத்தைக் கணக்கிடுவது போல, வெவ்வேறு உயரத்தில் உருவாகும் வெவ்வேறு தனிமங்களின் வரிகளை வைத்து அலையின் பயணத்தைக் குறிக்கிறார்கள். மீரா வகையில் இதையே அகச்சிவப்பில் கார்பன் மோனாக்சைடு வரிகளை வைத்துச் செய்திருக்கிறார்கள், அங்கும் வரிகள் இரண்டாகத்தான் பிரிகின்றன.

இரண்டாவது சாட்சி ஹைட்ரஜன். மீராவின் மேற்பரப்பு வெப்பம் மூவாயிரம் டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் அணுக்கள் கிளர்ச்சியே அடையாமல் சும்மா கிடக்க வேண்டும். ஆனால் மீரா பிரகாசமாகும்போது அதன் நிறமாலையில் ஹைட்ரஜன் வரிகள் கறுப்பாக அல்ல, பளிச்சென்று ஒளிரும் உமிழ்வு வரிகளாக வருகின்றன. குளிர்ந்த நட்சத்திரத்தில் இவ்வளவு சூடு எங்கிருந்து? வினாடிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு அதிர்ச்சி அலை கடந்தால், அயனியாக்கத்துக்குப் போகும் ஆற்றலைக் கழிக்காமல் கணக்குப் போட்டால், பின்னால் உள்ள வாயு கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் டிகிரிக்குப் போகும். ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிடுங்க அது போதும். அலை கடந்த பிறகு எலக்ட்ரான்கள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும்போது வெளிவிடும் ஒளிதான் அந்த வரிகள். அதாவது அலையின் முதுகில் ஒரு மெல்லிய தகடு மட்டும் எரிந்துகொண்டே மேலே ஏறுகிறது. ஆர்ஆர் லைரே நட்சத்திரங்களில் அலை இன்னும் முரட்டுத்தனமானது, வினாடிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டும். ஹைட்ரஜனோடு ஹீலியமும் அங்கே ஒளிர்வதை 2009இல் வானியலாளர் ஜார்ஜ் பிரஸ்டன் வெளியிட்டார். அந்த வகைக்குப் பெயர் கொடுத்த ஆர்ஆர் லைரே நட்சத்திரம் 13 மணி 36 நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிக்கிறது. அப்படியென்றால் ஒரு நாளில் கிட்டத்தட்ட இரண்டு தடவை இந்த அடி விழுகிறது.

மீராவின் ஹைட்ரஜன் வரிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது, இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கும். சாதாரணமாக ஹைட்ரஜன் ஒளிர்ந்தால் சிவப்பில் உள்ள ஆல்ஃபா வரி பலமாகவும், அப்புறம் பீட்டா, காமா, டெல்டா என்று வரிசையாகப் பலம் குறைந்தும் இருக்கும். மீராவில் தலைகீழாக டெல்டா பலமாகவும் பீட்டா மங்கியும் வருகின்றன. டைட்டானியம் ஆக்சைடு என்ற மூலக்கூறு மீராவின் மேலடுக்கில் திரை போட்டிருக்கிறது. அந்தத் திரை ஆல்ஃபா, பீட்டா, காமா இருக்கும் நிறங்களை விழுங்கும், டெல்டா இருக்கும் ஊதாப் பக்கத்தை அதிகம் தொடாது. அப்படியானால் ஒளிரும் தகடு திரைக்கு உள்ளே, அதாவது கீழே இருக்கிறது. வரிகளின் பலத்தை ஒப்பிட்டே அலை எந்த அடுக்குக்குக் கீழ் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இதே திரைதான் மீராவின் பிரகாசம் நம் கண்ணுக்குச் சில நூறு மடங்கு மாறுவது போலத் தோன்றவும் முக்கியக் காரணம். அது வெளியிடும் மொத்த ஆற்றல் அவ்வளவு மாறுவதில்லை.

செஃபீட்களில் அதிர்ச்சி அலைகள் சாதுவானவை. டெல்டா செஃபி என்ற செஃபீடில் வரிகள் இப்படித் தெளிவாக இரண்டாவதில்லை. அதிலிருந்து எக்ஸ் கதிர்கள் குறிப்பிட்ட கட்டத்தில் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது கூடுவது நட்சத்திரம் மிகப் பெரிதாக விரிந்திருக்கும் சமயத்தில், அலை கிளம்பும் சமயத்தில் இல்லை. அதனால் அது அதிர்ச்சி அலையின் வேலையா காந்தப்புலத்தின் வேலையா என்று விவாதம் நடக்கிறது. இன்னொன்று, நட்சத்திரம் மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் மிகப் பிரகாசமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். செஃபீட் அப்படி இல்லை. வேகமாக விரிந்துகொண்டிருக்கும்போதுதான் அது உச்சப் பிரகாசத்தில் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த அலைகளின் பெரிய வேலையே அதுதான். மீராவைக் கொண்டுவந்து சூரியன் இடத்தில் வைத்தால் அதன் உடம்பு பூமியின் பாதையைத் தாண்டி நீளும். எடையோ சூரியனை ஒட்டியதுதான். அவ்வளவு ஊதிப்போன உடம்பில் ஈர்ப்பு பலவீனம், ஆனாலும் மேற்பரப்பிலிருந்து தப்பிக்க வினாடிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதிர்ச்சி அலை கொடுப்பது இருபது, முப்பது. போதாது, எறிந்த வாயு திரும்பி விழும். ஆனால் முன்பே சொன்ன மாதிரி, அது பழைய இடத்துக்கு விழுவதற்குள் அடுத்த அலை வந்து மறுபடி தூக்கிவிடுகிறது. கீழே விழவிடாமல் பந்தைத் தட்டித் தட்டி மேலேயே வைத்திருப்பது போல. இப்படி வளிமண்டலம் இருக்க வேண்டிய உயரத்தைவிடப் பல மடங்கு மேலே நிற்கிறது. அந்த உயரத்தில் வெப்பம் ஆயிரத்துச் சொச்சம் டிகிரிதான், அடர்த்தியோ அலைகளின் புண்ணியத்தால் ஓரளவு இருக்கிறது. அங்கே தூசு உறைகிறது. மீரா போன்ற ஆக்சிஜன் மிகுந்த நட்சத்திரத்தில் சிலிக்கேட் துகள்கள், கார்பன் மிகுந்த நட்சத்திரத்தில் கரி. தூசு பிறந்ததும் நட்சத்திரத்தின் ஒளியே அதைப் பிடித்து வெளியே தள்ளும். தூசு தன்னோடு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும். மீரா வகை நட்சத்திரங்கள் இப்படி ஆண்டுக்குச் சூரிய எடையில் கோடியில் ஒரு பங்கிலிருந்து லட்சத்தில் ஒரு பங்கு வரை இழக்கின்றன. நம் சூரியன் சூரியக் காற்றாக இழப்பதைப் போல பல லட்சம் மடங்கிலிருந்து பல கோடி மடங்கு வரை இது. மீரா தன் பின்னால் 13 ஒளியாண்டு நீள வாலை விட்டுச் செல்வதை 2007இல் கேலெக்ஸ் செயற்கைக்கோளின் புற ஊதாப் படங்களில் கண்டார்கள். அலை மட்டும் இல்லையென்றால் வாயு தூசு உறையும் உயரத்துக்கே போதிய அளவு போய்ச் சேராது. வேறு நட்சத்திரங்கள் இப்படி உதறிய சிலிக்கன் கார்பைடு துகள்களை 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லுக்குள் கண்டெடுத்திருக்கிறார்கள். அவை சூரியனுக்கும் முந்தியவை.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார். அதுவும் மீரா வகைதான், ஒன்பது மாதம் போல அதன் சுற்றுக்காலம். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்கு மேலே பதினான்கு டிகிரிக்கு மேல் எழும்பாத நட்சத்திரம் அது. அப்படி ஒன்றைப் பொறுமையாகப் பார்த்து, இது மாறுகிறது என்று சொன்ன அந்த மனிதரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நீங்களும் பார்க்கலாம், தொலைநோக்கி வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் மேகம் விலகிய ராத்திரி ஒன்பது மணிக்கு உச்சிவானில் திருவோணம் இருக்கும். அதற்குத் தெற்கே ஈட்டா அக்குய்லே என்ற செஃபீட், ஏழு நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைகிறது. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இரண்டு வாரம் நோட்டில் எழுதினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மீராவுக்குப் பொறுமை வேண்டும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்விடும். அதனால் பொங்கல் சமயத்தில் பாருங்கள். மாலை ஏழேகால் மணிக்கு, அது கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கும், கார்த்திகைக் கூட்டத்துக்குத் தென்மேற்கே. அந்த இடம் வெறுமையாக இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். 1596இல் டேவிட் ஃபேப்ரிசியஸ் அதைப் பார்த்து, அது மங்கி மறைவதையும் பார்த்து, போய்விட்டது என்றே நினைத்தார். சுற்றுக்காலம் சுமார் 332 நாள், ஆகவே உச்சம் ஒவ்வொரு வருஷமும் ஒரு மாதம் போல முன்னால் நகரும். சில வருஷங்களில் உச்சம் சூரியனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு தெரியாமலே போகும். இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இடத்தில் ஒரு சிவந்த புள்ளி முதல் தடவையாகத் தட்டுப்படும் அந்த வாரங்களில்தான், பெரிய தொலைநோக்கிகளின் நிறமாலையில் ஹைட்ரஜன் வரிகள் ஒளிரத் தொடங்கியிருக்கும்.